மா ரெய்னி நாடகத்தைத் தப்பாகப் படிக்காமல் இருக்க

அமெரிக்க நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சனின் 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' நாடகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். 1927, சிகாகோ. ஒலிப்பதிவுக்கு எல்லாம் தயார். குளிர்ந்த கோக் வராமல் பாட மாட்டேன் என்று, அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையைப் பாடும் மா ரெய்னி உட்கார்ந்துவிடுகிறார்.

புகழ் தலைக்கேறிவிட்டது என்று அங்கேயே முடிவு கட்டிவிடாதீர்கள். இசைத்தட்டு நிறுவனத்தின் வெள்ளைக்கார முதலாளிக்கு வேண்டியது அவர் குரல் மட்டும். அது இசைத்தட்டில் ஏறி, ஒப்புதல் தாளில் கையெழுத்தும் விழுந்துவிட்டால் அப்புறம் அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மாவுக்கு இது நன்றாகத் தெரியும். பேரம் பேச அவர் கையில் இருப்பது அதற்கு முந்தைய சில மணி நேரம்தான். கோக் கேட்பதும் அதற்காகத்தான். மாவின் உறவுக்காரத் திக்குவாய்ப் பையன் சில்வெஸ்டர்தான் பாட்டின் முன்னுரையைச் சொல்ல வேண்டும், அவனுக்குத் தனிச் சம்பளம் வேண்டும் என்பதும் அதற்காகத்தான். மேடையேற்றுகிறவர்கள் தயவுசெய்து அந்தத் திக்கலைச் சிரிப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். அவன் திக்காமல் சொல்லி முடிக்கும் கணம் எனக்கு நாடகத்திலேயே மிகப் பிடித்த இடம்.

மா மேடைக்கு வர நேரமாகும். அதுவரை வாத்தியக்காரர்கள் பேசுவதை வெட்டிப்பேச்சு என்று தாண்டிப் போக வேண்டாம். ஒருவர் எடுக்க, இன்னொருவர் பதில் சொல்ல, பழைய காயம் திரும்பத் திரும்ப வருகிறதே, புளூஸின் நடையே அதுதான். டிரம்பெட் வாசிக்கும் லெவி எட்டு வயதில் தன் தாய்க்கு நேர்ந்த கொடுமையைச் சொல்வதும் அங்கேதான். அதைக் கவனிக்காதவர்களுக்குக் கடைசியில் அவன் வெறும் முன்கோபியாகத் தெரிவான். அவன் எழுதிய பாட்டுகளை முதலாளி பாட்டுக்கு 5 டாலர் என்று வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறார். மேலே போக முடியாத கோபம் பக்கத்தில் நிற்கும் சக கலைஞன் மேல் இறங்குகிறது.

இதை வரலாறாகவும் படிக்கக் கூடாது. மா ரெய்னி நிஜமானவர். 1923 முதல் 1928 வரை பாராமவுண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடினார். ஆனால் நாடகத்தில் வரும் முதலாளியும் லெவியும் கற்பனை. நிஜத்தில் அந்த நிறுவனத்துக்காகக் கறுப்பினக் கலைஞர்களைத் தேடிப்பிடித்த மேயோ வில்லியம்ஸ் தானும் கறுப்பினத்தவர். 2020-இல் வந்த படத்தின் முடிவில் வெள்ளையர் குழு லெவியின் பாட்டைப் பாடுமே, அதையும் நாடகத்தில் தேடாதீர்கள். படத்துக்காகச் சேர்த்தது அது. தலைப்பை மொழிபெயர்க்கவும் வேண்டாம், 'பிளாக் பாட்டம்' அந்தக் காலத்து ஒரு நடனத்தின் பெயர்.

முடிந்தால் மா ரெய்னியின் அசல் பதிவுகளைக் கேளுங்கள். ஒரே இரைச்சலாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். பாராமவுண்டைத் தொடங்கியது நாற்காலி செய்யும் ஒரு கம்பெனி. தட்டுகளை மலிவாகத்தான் செய்தார்கள். அந்தக் கரகரப்புக்கு அடியில் குரல் இருக்கிறது. இரண்டு மூன்று முறை கேட்டால் பிடிபடும்.