ஊர்த் திட்டத்தை ஊரே போடுவது எப்படி? படுவான்கரைப் பக்கத்துக்கு ஒரு செய்முறை

“வீதி, தெருவிளக்கு, பொதுநோக்கு மண்டபம்.” எந்த ஊர்க் கூட்டத்தில் ‘என்ன வேணும்?’ என்று கேட்டாலும் இந்த மூன்றும்தான் வரும். வருகிறவர்களும் வழமையான அதே ஆட்கள். வாயால் கேட்பதை விட்டுவிட்டு, ஊரைக் கையால் வரையச் சொல்லிப் பாருங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை ஊர்களின் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ மாதர் சங்கத்திலோ புதிதாகப் பொறுப்பெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. மாதத்தைப் பாருங்கள்

ஆவணி, புரட்டாசி நல்லது. சிறுபோக வெட்டு முடிந்து, பெரும்போக விதைப்புத் தொடங்காத இடைவெளி அது. மாரி விதைப்பு வந்துவிட்டால் மாட்டுக்காரர்கள் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளின் பக்கம் போய்விடுவார்கள். மேய்ச்சல் தரையைப் பற்றிப் பேச ஊரில் ஆள் இருக்காது. மண்டூர், கொக்கட்டிச்சோலைத் திருவிழா நாட்களை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

2. நிலத்தில் ஊரை வரையுங்கள்

இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். கோயில் வெளியோ முன்பள்ளி முற்றமோ போதும். சாம்பலால் வீதி, செங்கல் துண்டால் வீடு, வேப்பிலையால் காடு, நீல நூலால் வாய்க்கால். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், இளசுகள் ஒரு பக்கம் எனத் தனித்தனியாக வரையட்டும். குச்சியை நீங்கள் கையில் எடுக்கவே கூடாது. படித்த பிள்ளை வரைகிறது என்றால் மற்றவர்கள் கைகட்டி நின்றுவிடுவார்கள்.

வரைந்த பிறகு மூன்றையும் ஒப்பிடுங்கள். ஆண்களின் படத்தில் வயற்கண்டம், குளத்துத் தண்ணீர் திறக்கும் துரிசு, டவுனுக்குப் போகும் வழி பெரிதாக இருக்கும். பெண்களின் படத்தில் கோடையில் வற்றும் கிணறும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ஒற்றையடிப் பாதையும் வரும். யானை எந்தப் பக்கத்தால் இறங்குகிறது, மாரி வெள்ளம் எந்த மதகுக்கு மேலால் பாய்கிறது என்பதையும் வைக்கச் சொல்லுங்கள். 2011 ஜனவரி வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேட்டால் கிழவிகள் படியைக் காட்டியே சொல்வார்கள். படத்தைப் போனில் எடுத்து, பிறகு பெரிய டிமைத் தாளில் பிரதி பண்ணுங்கள்.

3. நடந்து பாருங்கள்

ஊரின் ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்கு, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு. விடுபட்டதைச் சேருங்கள். அவ்வளவுதான்.

4. சிரட்டையில் வாக்கு

தேவைகளை ஏழெட்டாகச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரட்டை, அதன் முன்னால் ஒரு படம். பெண்களுக்கு ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆண்களுக்கு ஐந்து சோளம். மறைப்புக்குப் பின்னால் போய் விரும்பியபடி போடலாம். ஐந்தையும் ஒன்றிலேயே போட்டாலும் சரி. சங்கத் தலைவருக்கும் அதே ஐந்துதான். எண்ணும்போது கொட்டையையும் சோளத்தையும் வேறாக எழுதுங்கள். மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் பெண்களின் முதல் தேவை பட்டியலில் கீழே போய்விடும்.

5. யாரிடம் கொடுப்பது?

ஊரின் உள் வீதி, வடிகான், தெருவிளக்கு, மயானம் என்றால் பிரதேச சபை. ஏ, பீ வகுப்பு வீதிகள் என்றால், வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சீ, டீ மாகாண வீதித் திணைக்களத்துக்கு. சிறுகுளம் கமநல அபிவிருத்தித் திணைக்களம், உன்னிச்சை போன்ற பெருங்குளம் நீர்ப்பாசனத் திணைக்களம், யானைவேலி வனஜீவராசிகள் திணைக்களம். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றும். ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதி, ஒவ்வொன்றின் பிரதியையும் பிரதேச செயலகத்துக்குக் கொடுங்கள்.

பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டம் ஆண்டு பிறக்குமுன் நிறைவேற வேண்டும். ஆகவே ஐப்பசிக்குள் கொடுத்துவிடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கதவைத் தாண்டாதீர்கள்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. “எங்கள் கோரிக்கைக்கு என்ன முடிவு எடுக்கப்பட்டது?” என்று எழுதிக் கேட்டால், தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கிடைக்கும் பதிலைச் சங்க அலுமாரிக்குள் பூட்டாமல், ஊர்க் கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.