வேலையை விட்டால்தான் எஸ்எஸ்டிஐ கிடைக்குமா?

அமெரிக்காவில் உடல்நிலை மோசமானதும் பலர் செய்யும் முதல் காரியம், பதறிப்போய் வேலையை விடுவது. கொஞ்சம் பொறுங்கள். பகுதிநேரமாக வேலை பார்த்துக்கொண்டே மாற்றுத்திறன் உதவித்தொகைக்கு (எஸ்எஸ்டிஐ) விண்ணப்பிக்கலாம். மாத வருமானம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். 2025-இல் அந்த வரம்பு 1,620 டாலர், பார்வையற்றவர்களுக்கு 2,700. ஆண்டுதோறும் இது மாறும்.

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வங்கிக்கு வந்து சேரும் தொகையை, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தார் பார்ப்பதில்லை, வரிப் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் உங்கள் உடல்நிலை காரணமாக, வேலை பார்ப்பதற்கென்றே நீங்கள் கைக்காசு போட்டுச் செய்யும் செலவை அதில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். மாதம் 1,700 டாலர் சம்பளம், மருந்துக்கும் சக்கர நாற்காலிப் பழுதுக்கும் 150 போகிறது என்றால், கணக்கில் வருவது 1,550. வரம்புக்குள் வந்துவிட்டீர்கள்! இன்சூரன்ஸ் திருப்பித் தந்த செலவு மட்டும் செல்லாது.

அதனால் ரசீதுகளைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். மாதத்துக்கு ஒரு உறை, அதற்குள் அந்த மாதச் சம்பளச் சீட்டும் மருந்துக்கடை ரசீதும். முதலாளி உங்களுக்காக வேலையைக் குறைத்தோ, கூடுதல் ஓய்வு தந்தோ முழுச் சம்பளம் கொடுக்கிறார் என்றால், அதையும் எழுதி வாங்கி வையுங்கள். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கணக்கில் எடுக்காமல் விட அது உதவும்.

தொகை வரத் தொடங்கிய பிறகு, 60 மாதங்களுக்குள் 9 மாதங்கள் எவ்வளவு சம்பாதித்தாலும் உதவித்தொகை நிற்காது. சம்பாதிப்பதை மறைக்காமல் தெரிவித்துவிடுங்கள்.