சீரியலுக்கு வசனம் எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

சிறுகதையும் சினிமாவும் எழுதிப் பழகியவர்கள் மெகா சீரியலுக்கு வந்தால் முதல் வாரத்திலேயே திணறிப்போவார்கள். அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக 20 நிமிடம், கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அதை வாரத்துக்கு ஐந்தாறு நாள் நிரப்பியாக வேண்டும். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் இன்னொருவர் என்று பல சீரியல்களில் வேலையைப் பிரித்துக்கொள்வது இதனால்தான்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது வசனத்தில். நேற்று பார்க்காதவருக்கும் கதை புரிய வேண்டும் என்ற கவலை நியாயமானதுதான். அதற்காகத் தங்கையை இப்படிப் பேச வைப்பார்கள்: "அண்ணா, நம்ம அப்பா இறந்து மூணு வருஷம் ஆச்சு. அவர் எழுதின உயிலை நீங்க இன்னும் காட்டல." அப்பா இறந்து எத்தனை வருஷம் என்று அவர் பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா? இதையே திவசத்தன்று சாப்பிட இலை போடும் நேரத்தில் வைத்துப் பாருங்கள். "இது மூணாவது திவசம்ண்ணா. பீரோ சாவி இன்னும் அண்ணி இடுப்புலதான் இருக்கு." உயில் என்ற சொல்லே வரவில்லை. ஆனால் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றுவிடும்.

அந்தக் கை நிற்பதோடு காட்சியை விட்டுவிடாதீர்கள். சீரியலை நிறையப் பேர் பார்ப்பதைவிடக் கேட்கிறார்கள்; காய் நறுக்கிக்கொண்டு, பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டு. அவர்களுக்கும் எட்ட வேண்டுமானால் கரண்டி வாளியில் மோதுகிற சத்தமாவது வேண்டும். காட்சியின் தொடக்கத்தில் 'அத்தை', 'மச்சான்' என்று ஒரு முறை கூப்பிட வைத்தாலே யார் யாருக்கு என்ன உறவு என்பது விளங்கிவிடும்.

அடுத்தது, பொய்யான முடிச்சு. கதவு தட்டப்படுகிறது, எல்லோரும் அதிர்ந்து நிற்கிறார்கள், தொடரும். மறுநாள் பார்த்தால் பால்காரர்! இதை இரண்டு தடவை செய்தால் மூன்றாவது தடவை உண்மையிலேயே ஆபத்து வரும்போது யாரும் பதற மாட்டார்கள். யாரோ ஒரு முடிவு எடுத்த இடத்தில், இனி அதைத் திரும்பப் பெற முடியாது என்ற இடத்தில் எபிசோடை நிறுத்துங்கள்.

வியாழக்கிழமைதோறும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லும் ரேட்டிங் வரும். இறங்கியிருந்தால் ட்ராக்கை, அதாவது கதை போகிற போக்கை, மாற்றச் சொல்வார்கள். சரி, மாற்றலாம். ஆனால் நூறு எபிசோடாக விட்டுக்கொடுத்தே வந்த மருமகள் ஒரே இரவில் விஷம் கலக்கக் கூடாது. ரசிகர்கள் அவளை வீட்டுப் பெண்ணாக நினைத்து வைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தால் ஒட்ட வைப்பது கஷ்டம். எந்த ரகசியம் யாருக்கு எந்த எபிசோடில் தெரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கால்ஷீட்டையும் நினைத்து எழுத வேண்டும். பதினைந்து பேரை ஒரே காட்சியில் நிற்க வைத்தால், ஒருவர் வராவிட்டாலும் அன்றைய ஷூட்டிங் முடங்கும்.

அப்புறம், எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். தமிழ் தெரியாத நடிகர்களுக்கு உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக்கொடுத்து ப்ராம்ப்ட் பண்ணுவார். "நீங்கள் எனக்குச் செய்த துரோகத்தை நான் உயிருள்ளவரை மறக்கவே மாட்டேன்" என்பதை அவர் இரண்டு மூன்று துண்டாக உடைத்துத்தான் சொல்ல முடியும். உடைகிற இடத்தில் கோபமும் உடைந்துவிடும். "மறக்க மாட்டேன். சாகுற வரைக்கும்." இது ஒரே மூச்சில் போய்ச் சேரும்.