குவாண்டம் ஹால் அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1980 பிப்ரவரியில், கிரெனோபிள் உயர்காந்தப்புல ஆய்வகத்தில், கிளாஸ் ஃபான் கிளிட்சிங் ஒரு சிலிக்கான் டிரான்சிஸ்டரில் கண்ட ஹால் மின்தடையின் சமதளங்கள், 25,812.807 ஓம் என்ற அளவை முழு எண்களால் வகுத்த மதிப்புகளிலேயே நின்றன. காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது ஹால் மின்தடை; புலமோ எலக்ட்ரான் அடர்த்தியோ மாறினாலும் அது மாறாமல் நிற்கும் பகுதியே சமதளம். இந்தத் துல்லியத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. சமதளம் கோடு போட்டதுபோல் நேராக அமைந்துவிட்டால், வரைபடத்தின் மற்ற பகுதிகளும் சரியாகவே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

வெப்பநிலையில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஹீலியம் கலவையால் மிகத் தாழ்ந்த வெப்பநிலையை எட்டும் டைல்யூஷன் குளிர்விப்பானின் வெப்பமானி காட்டும் 20 மில்லிகெல்வினை எலக்ட்ரான்களின் வெப்பநிலையாக எழுதக் கூடாது. அந்தக் குளிரில் எலக்ட்ரான்களுக்கும் படிகத்துக்கும் இடையிலான வெப்பத் தொடர்பு மிகவும் பலவீனமானது. கம்பிகள் வழியே இறங்கும் ரேடியோ அலைவரிசை இரைச்சலும், அளப்பதற்காக நாமே செலுத்தும் மின்னோட்டமும் எலக்ட்ரான்களைச் சூடாக்கிவிடும். மின்னோட்டத்தின் திசையிலேயே அளக்கும் நெடுக்கு மின்தடை, சமதளம் அமையும் இடத்தில் பள்ளமாக இறங்கும். மின்னோட்டத்தைப் பாதியாகக் குறைத்ததும் அந்தப் பள்ளம் மேலும் ஆழமானால், முந்தைய மின்னோட்டம் அதிகம் என்று பொருள். மாறாவிட்டாலும் இரைச்சலால் வரும் சூடு அப்படியே இருக்கக்கூடும் என்பதால், வடிகட்டிகளைச் சோதிக்காமல் விடக் கூடாது. முழு எண்ணுக்குப் பதிலாகப் பின்னத்தால் வகுத்த மதிப்பில் சமதளம் அமையும் பின்ன நிலைகளின் ஆற்றல் இடைவெளியைக் கணக்கிடும்போது இந்தத் தவறு இடைவெளியை உண்மையைவிடச் சிறிதாகக் காட்டும்.

அடுத்தது கருவியின் சுமை. 10 மெகாஓம் உள்ளீட்டு மின்தடை கொண்ட பெருக்கியை முதல் சமதளத்தின் ஹால் முனைகளில் இணைத்தால், 25,813 ஓமுக்குப் பதிலாக ஏறத்தாழ 25,746 ஓம் கிடைக்கும். சமதளம் அப்போதும் தட்டையாகவே இருப்பதால், பிழை கண்ணுக்குப் படாது. மூன்றில் ஒரு பங்கு நிலையில் மின்தடை மும்மடங்காவதால் சதவீதப் பிழையும் ஏறத்தாழ மும்மடங்காகிறது.

மாதிரியின் இரு பக்கங்களிலும் உள்ள எதிரெதிர் ஹால் முனைகள் சரியாக நேர்படாதபோது, ஹால் அளவீட்டில் நெடுக்கு மின்தடையும் கலந்துவிடும். சமதளத்தில் நெடுக்கு மின்தடை பூஜ்யமாவதால் கலப்பு அங்கே தெரியாது. இரு சமதளங்களுக்கு இடையில்தான் தெரியும். ஆகவே காந்தப்புலத்தின் இரு திசைகளிலும் அளந்து, வித்தியாசத்தில் பாதியை எடுக்க வேண்டும்.

நெடுக்கு மின்தடை காட்டும் பூஜ்யத்தையும் உடனே நம்பிவிடக் கூடாது. உயர்புலத்தில் ஒரு தொடுமுனையின் மின்தடை பெருகினால், கேபிளின் மின்தேக்கத்தோடு சேர்ந்து குறிப்பிட்ட அலைவரிசையின் சைகையை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கியில் சைகையின் கட்டத்தைத் (phase) திருப்பிவிடும். தொண்ணூறு பாகை விலகிய கூற்றையும் கூடவே பதிவு செய்யாவிட்டால், பழுதான முனைதான் அந்தப் பள்ளத்தை உண்டாக்கியது என்பதை அறிய வழியில்லை.




இவ்வளவும் சரியாக இருந்தும் பள்ளம் பூஜ்யத்தைத் தொடவில்லையெனில், எலக்ட்ரான்களைத் தருவதற்காக வேற்று அணுக்களைச் சேர்த்த மாசூட்டிய அடுக்கிலும் மின்னோட்டம் பாய்கிறதா என்று பார்க்க வேண்டும். தாழ்புல ஹால் சரிவு தரும் எலக்ட்ரான் அடர்த்தியையும் புலம் மாறும்போது நெடுக்கு மின்தடை ஏறி இறங்கும் ஷுப்னிகோவ்–டி ஹாஸ் அலைவுகள் தரும் அடர்த்தியையும் ஒப்பிட்டால், இரண்டும் ஒத்துப்போகாத மாதிரியில் அந்த இணைப்பாதைமீதே முதலில் சந்தேகம் எழ வேண்டும்.