ஓரத்தில் கத்தி வைக்காதீர்கள்: அமெரிக்கக் கல்லூரி லாட்டரிச் சீட்டு சேர்ப்பவர்களுக்கு

போன மாதம் பழங்காகிதச் சந்தை ஒன்றில், பழைய அமெரிக்கக் கல்லூரி லாட்டரிச் சீட்டுகளைச் சேர்க்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் ஆல்பத்தைத் திறந்து காட்டினார். ஒன்பது சீட்டுகள். ஒன்பதும் நாலு பக்கமும் ஸ்கேல் வைத்து வெட்டிய நேர்த்தியில் இருந்தன. “ஓரமெல்லாம் கோணல்மாணலா இருந்துச்சுண்ணே, நான்தான் சரி பண்ணேன்” என்றார். எனக்கு நெஞ்சு பதைத்துவிட்டது. இருபது வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. ரசீது வாங்குங்கள், விலை விசாரியுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்; அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாகச் சேர்ப்பவர்கள் செய்யும் மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்கா விடுதலை அடைவதற்கு முன்பிருந்தே, கல்லூரிக்குப் பணம் திரட்டச் சட்டசபையில் லாட்டரிக்கு அனுமதி வாங்குவது அங்கே வழக்கமாக இருந்தது. இன்று கொலம்பியா பல்கலைக்கழகமாக இருக்கும் கிங்ஸ் கல்லூரி திறப்பதற்கே முன்னால், 1746-ல், நியூயார்க் அதற்காக லாட்டரி நடத்த அனுமதித்தது. அடுத்த வருடம் யேல் கல்லூரிக்கும் அனுமதி கிடைத்தது. ஹார்வர்டின் ஸ்டோட்டன் ஹால் (1805), ஹோல்வொர்த்தி ஹால் (1812) இரண்டும் லாட்டரிப் பணத்தில் எழுந்தவை. பரிசு விழுந்தவருக்கு முழுத் தொகை போகாது. 12½ விழுக்காடோ 15 விழுக்காடோ பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பல சீட்டுகளில் அது அச்சிலேயே இருக்கும். அந்தப் பிடித்தம்தான் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறியது.

பெயரைப் பார்த்து ஒதுக்குவது

‘காலேஜ்’ என்று அச்சிட்டிருந்தால்தான் எடுப்போம் என்று இருந்தால் நல்ல சீட்டுகள் கைநழுவும். ‘லிட்டரேச்சர் லாட்டரி’ என்றிருப்பதைப் பார்த்துக் கதை, கவிதை சமாசாரம் என்று தள்ளிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பொதுவாகக் கல்வி என்றே பொருள். 1801-ல் நியூயார்க் அந்தப் பெயரில் 25,000 டாலர் வீதம் 4 லாட்டரிகளுக்குச் சட்டம் போட்டது. பெரும்பகுதி பொதுப் பள்ளிகளுக்கு.

ஊர்ப் பெயரும் குழப்பும். 1753-ல் கனெக்டிகட்டில் நடந்த ஒரு லாட்டரி வேறு பகுதியிலிருந்த நியூஜெர்சி கல்லூரிக்காக, அதாவது இன்றைய பிரின்ஸ்டனுக்காக. சீட்டில் ‘கிளாஸ்’ என்று வந்தால் அது மாணவர் படிக்கும் வகுப்பு அல்ல. ஒரே லாட்டரியைப் பல கட்டமாகக் குலுக்குவார்கள். எத்தனையாவது கட்டம் என்பதைத்தான் அது சொல்கிறது.

ஓரத்தை நேராக்குவது

என்னிடம் 1760களில் அச்சான ஒரு கல்லூரிச் சீட்டு இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. லாட்டரியை நடத்திய மேனேஜர் ஒருவர் மையில் போட்ட கையொப்பம், கையால் எழுதிய எண், இடது ஓரத்தில் கொடி சுற்றியதுபோல ஒரு பூவேலை. அந்தப் பூவேலை பாதியில் நின்றுபோயிருக்கும், ஓரம் அலை அலையாக வளைந்து இறங்கும். வீட்டுச் சுவரில் மாட்டலாம் என்று ஃபிரேம் போடும் கடையில் கொடுத்தேன். வாங்கப் போனபோது சீட்டு கச்சிதமாக இருந்தது. அலையைக் காணோம். “பிசிறை எடுத்துட்டேன் சார்” என்றார் கடைக்காரர். எனக்கும் அப்போது அது பிசிறாகத்தான் பட்டது. நன்றி சொல்லிப் பணம் கொடுத்தேன்.

அது பிசிறு அல்ல என்று பிறகுதான் புரிந்தது. சீட்டும் அடிக்கட்டையும் ஒரே தாளில் அச்சாகும். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பூவேலை. விற்கும்போது வேண்டுமென்றே பூவேலையின் குறுக்கே வளைத்து வளைத்து வெட்டிக் கொடுப்பார்கள். பரிசு கேட்டு வருபவரின் சீட்டை அடிக்கட்டையோடு சேர்த்து வைத்தால் அலையோடு அலை பொருந்த வேண்டும், பாதிப் பூ முழுப் பூவாக வேண்டும். பொருந்தாவிட்டால் கள்ளச் சீட்டு. அந்த வெட்டு இரண்டு இடத்தில் ஒன்றுபோல விழாது. அந்த மூன்று மில்லிமீட்டர்தான் சீட்டின் சாட்சி. அதை நான் குப்பைக்கு அனுப்பினேன்.

இன்னொன்றும் நடந்திருந்தது. சீட்டை அட்டையில் பசை போட்டு ஒட்டிவிட்டார். பின்புறத்தில் வாங்கியவர் தன் பெயரைச் சாய்வெழுத்தில் எழுதியிருந்தார். கீழே வேறு மையில், பரிசு இல்லை என்ற குறிப்பு. நான் அதைப் படம்கூட எடுத்து வைக்கவில்லை. விற்கப் போனபோது வாங்கிய விலையில் பாதிக்குக்கூட ஆள் இல்லை. பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன், அந்தப் பெயர் நினைவுக்கு வராததுதான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

ஆகவே ஃபிரேம் கடையில் கொடுப்பதானால் வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது என்று எழுதியே கொடுங்கள். அதற்கு முன் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். என் சீட்டுகள் இப்போது மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறையில், இருட்டான இழுப்பறையில் கிடக்கின்றன.

தண்ணீரில் நனைப்பது

பழுப்பை எடுக்கிறேன் என்று சிலர் நனைக்கிறார்கள். அச்சு மை தாங்கிவிடும், கையெழுத்து தாங்காது. அது இரும்பு உப்பும் மாசிக்காயும் சேர்த்த மை. ஈரம் பட்டால் மங்கும், கசியும், எழுத்தைச் சுற்றிப் பழுப்பு படரும்.

லேமினேஷன்

வேண்டவே வேண்டாம். செல்லோடேப்பும்தான்.

‘பரிசு விழுந்த சீட்டு’ என்று கூடுதல் விலை கொடுப்பது

பரிசு விழுந்த சீட்டை மேனேஜரிடம் கொடுத்துத்தான் பணம் வாங்க வேண்டும். வீட்டுப் பெட்டிகளில் தங்கி நம் கைக்கு வந்தவை பெரும்பாலும் விழாத சீட்டுகளே. விற்பவர் சொல்வதை நம்பாமல் பின்பக்கக் குறிப்பைப் பாருங்கள்.

தாளை வெளிச்சத்தில் பிடிக்காமல் வாங்குவது

1760களின் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெருக்கமான கோடுகள் தெரியும், தாள் செய்த சல்லடை அச்சின் தடம். நினைவுப் பொருளாக விற்கும் நகல்களில் மொறமொறப்பும் செயற்கையான பழுப்பும்தான் இருக்கும். 1800களில் கோடில்லாத தாளும் புழக்கத்துக்கு வந்துவிட்டது, அந்தக் காலச் சீட்டைக் கோடு இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று தள்ள வேண்டாம்.

கால் சீட்டைக் கிழிந்த சீட்டு என்று நினைப்பது

முழுச் சீட்டின் விலை சாமானியருக்குக் கட்டாது. அதனால் அரை, கால், அரைக்கால் என்று பங்குச் சீட்டு விற்றார்கள். எந்தப் பங்கு என்று அதிலேயே இருக்கும், படித்துப் பாருங்கள்.