இனவெறிக்குப் பதிலாக ஒரு பிலிப்பினோ கலைப் பதிவு: முதல் முறை போடுபவர்களுக்கான செய்முறை

சமூக ஊடகத்தில் பிலிப்பினோக்களை, அதாவது பிலிப்பைன்ஸ் மக்களை, கேவலமாகப் பேசும் ஒரு பதிவைப் பார்த்ததும் அங்கேயே போய் மல்லுக்கு நிற்கத் தோன்றும். நின்றால் அந்தப் பதிவு இன்னும் நாலு பேர் கண்ணில் படும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக அவர்களுடைய கலையில் ஒன்றை எடுத்து, செய்தவர் பெயர், ஊர், வருடம் என்று முழுசாகப் போடுங்கள். பெயரோடு போடுவதுதான் இதில் முக்கியம். 1887இல், அப்போது பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பெயினில், மாட்ரிட்டின் ரெத்திரோ பூங்காவில் பிலிப்பைன்ஸ் மனிதர்களையே காட்சிக்கு வைத்தார்கள், சிலர் அங்கேயே இறந்தும் போனார்கள். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 47 ஏக்கரில் குடிவைத்து, கூட்டம் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கு அவர்கள் 'காட்டுவாசிகள்', அதற்கு மேல் பெயர் எதுவும் தேவைப்படவில்லை.

இப்படிப் பதில் சொல்வது புதிதும் இல்லை. பிலிப்பைன்ஸின் தேசிய நாயகரான எழுத்தாளர் ஹோசே ரிசால் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து, அந்தோனியோ தே மோர்கா என்ற ஸ்பானிய அதிகாரி 1609இல் வெளியிட்ட பிலிப்பைன்ஸ் வரலாற்றைக் கையால் நகலெடுத்தார். ஸ்பானியர் வரும் முன்பே தன் மக்களிடம் எழுத்தும் தொழிலும் வணிகமும் இருந்தன என்று காட்டும் குறிப்புகளைச் சேர்த்து 1890இல் பாரிஸில் பதிப்பித்தார். நமக்கு அவ்வளவு உழைப்பு வேண்டாம், ஒரு மாலைப் பொழுது போதும்.

1. ஒரே ஒரு பொருளைப் பிடியுங்கள்

'பிலிப்பைன்ஸ் கலாச்சாரம்' என்று பத்துப் படங்களை ஒட்டிப் போடாதீர்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு அது. முதல் பதிவுக்கு நான் சொல்வது பிலிப்பினோ ஓவியர் ஹுவான் லூனாவின் 'ஸ்போலியாரியம்' ஓவியம். லூனா 1899இல் இறந்துவிட்டதால் காப்புரிமைத் தலைவலி கிடையாது, கதையும் நம் விஷயத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

2. படத்தை எடுங்கள்

விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தளத்தில் தேடி, படத்துக்குக் கீழே உள்ள உரிம வரியைப் படியுங்கள். காப்புரிமை இல்லை என்று பொருள்படும் 'பப்ளிக் டொமைன்' (Public domain) என்றிருந்தால் தாராளமாகப் போடலாம், 'சிசி பை' (CC BY) என்று தொடங்கினால் படம் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் கட்டாயம் எழுத வேண்டும். யாரோ ஒருவருடைய இன்ஸ்டாகிராமிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பது வேண்டவே வேண்டாம்.

3. விவரம் எழுதுங்கள்

பாதி நேரம் இதற்குத்தான் போக வேண்டும். யார், எங்கே, எப்போது, எதனால், எப்படி. ஸ்போலியாரியத்துக்கு இப்படி எழுதலாம்: 'ஹுவான் லூனா ரோமில் வரைந்தது. பழைய ரோமில் மக்கள் வேடிக்கை பார்க்கக் களத்தில் சண்டையிட்டுச் செத்த கிளாடியேட்டர்களைத் தரையில் இழுத்துப் போகும் காட்சி. 1884இல் மாட்ரிட் தேசியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது, அதே கண்காட்சியில் ஹிடால்கோ என்ற இன்னொரு பிலிப்பினோ வெள்ளி வாங்கினார். தங்களைத் தாழ்வாக நினைத்த நாட்டின் தலைநகரிலேயே இருவரும் வென்றதை ஜூன் 25 விருந்தில் ரிசால் பாராட்டிப் பேசினார். ஏழு மீட்டருக்கும் மேல் அகலமான இந்த ஓவியம் இப்போது மணிலாவின் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.' இதில் 'அழகான', 'அற்புதமான' எதுவும் இல்லை, தேவையும் இல்லை.

இரண்டாவது பதிவுக்கு டினாலக் துணி எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மிண்டனாவோ தீவில் லேக் செபு பகுதியில் வாழும் டிபோலிப் பெண்கள், வாழையின் உறவான அபாகாவின் நாரைப் பிரித்து, முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றி, அதற்கு அப்புறம்தான் தறியில் போடுகிறார்கள், அதாவது நெய்யத் தொடங்கும் முன்பே முழு வடிவமும் அந்தப் பெண்ணின் மனதில் இருக்க வேண்டும். வடிவங்கள் கனவில் வருகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. லாங் டுலாய் என்ற நெசவாளருக்கு 1998இல் அரசு அந்நாட்டின் மிக உயர்ந்த நாட்டுப்புறக் கலைஞர் விருதைக் கொடுத்தது, 2015இல் அவர் காலமானார். அவர் பெயர் இல்லாமல் 'பழங்குடித் துணி' என்று மட்டும் போட்டால், 1904இல் வேடிக்கை பார்த்தவர்கள் செய்ததற்கும் நாம் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

4. விரும்பினால் பாய்பாயின் எழுத்தில் பெயர்

தமிழ் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாக வரும், ஏனென்றால் பாய்பாயின் என்ற பழைய பிலிப்பைன்ஸ் எழுத்தும் தமிழைப் போலப் பிராமி வழி வந்ததுதான். மெய்யெழுத்து ஒவ்வொன்றிலும் 'அ' ஏற்கெனவே ஏறியிருக்கும். மேலே புள்ளி வைத்தால் இ அல்லது எ, கீழே வைத்தால் உ அல்லது ஒ. பழைய முறையில் உயிர் ஏறாத மெய்யை எழுதவே மாட்டார்கள். 1620இல் ஒரு ஸ்பானியப் பாதிரியார் அதற்காகச் சிலுவைக் குறி ஒன்றைக் கொண்டுவந்தார், நம் மெய்ப்புள்ளி செய்யும் அதே வேலை. கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் மொழிப் பட்டியலுக்குப் போய் பாய்பாயினைச் சேர்த்துக்கொண்டு, சொல்லை ஒலிப்படி தட்டுங்கள்.

ஆனால் இதை டினாலக் படத்தின் மேல் எழுதாதீர்கள். பாய்பாயின் மணிலா பகுதியின் டகாலோக் மக்களோடு சேர்ந்தது, டிபோலி எழுத்து இல்லை. மிண்டோரோ தீவின் ஹனுனோ மங்யான் மக்கள் தங்களுக்கென்று ஓர் உறவு எழுத்தை இன்றும் வைத்திருக்கிறார்கள், மூங்கிலில் கவிதை கீறுகிறார்கள், அதற்குத் தனியாக ஒரு பதிவே போடலாம்.

5. மாற்று உரை

பார்வையற்றவர்களுக்காகப் படத்தில் இருப்பதை இரண்டு வரியில் எழுதிச் சேருங்கள். ஒரு நிமிட வேலை.

6. ஒரு பிலிப்பினோவிடம் காட்டுங்கள்

நீங்கள் பிலிப்பினோ இல்லையென்றால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். கூட வேலை பார்ப்பவரோ பக்கத்து வீட்டுக்காரரோ போதும், முடிந்தால் அந்தக் கலை சேர்ந்த இனத்தவராகப் பாருங்கள். பச்சை குத்தும் கலை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வட பிலிப்பைன்ஸின் கலிங்கா பகுதியைச் சேர்ந்த மூத்த பச்சை குத்தும் கலைஞர் வாங்-ஒட் பெயரில் 2021இல் ஓர் இணையப் பாடம் விற்பனைக்கு வந்தபோது, அவருடைய உறவினரே எதிர்த்ததால் அதை எடுத்துவிட்டார்கள். அந்த வடிவங்களைச் சட்டையில் அச்சிட்டு விற்பது, ஸ்டிக்கர் ஆக்குவது எல்லாம் நம் வேலை இல்லை.

7. போட்ட பிறகு

திட்டியவருடைய ஸ்கிரீன்ஷாட்டைப் பதிவில் சேர்க்காதீர்கள், அவரை டேக் செய்யவும் வேண்டாம். கீழே வெறுப்புக் கருத்து வந்தால் பதில் எழுதாமல் நீக்கிவிட்டுப் புகார் கொடுங்கள். திருத்தம் சொல்பவர்களுக்கு மட்டும் உடனே நன்றி சொல்லி மாற்றுங்கள், 'எங்கள் பாட்டியும் இப்படித்தான் நெய்வார்' என்று எழுதுபவர்களிடம் மேலும் கேளுங்கள், அவர்கள் சம்மதித்தால் அதுவே அடுத்த பதிவு.

நேரம் பார்த்துப் போட நினைத்தால் அக்டோபர் நல்ல மாதம். 1587 அக்டோபர் 18இல் ஸ்பானியக் கப்பலில் வந்த பிலிப்பினோக்கள் கலிஃபோர்னியாவின் மோரோ விரிகுடாவில் இறங்கியதை நினைத்து, அமெரிக்காவில் அதைப் பிலிப்பினோ அமெரிக்க வரலாற்று மாதமாகக் கொண்டாடுகிறார்கள். ஸ்போலியாரியத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள், டினாலக்குக்கு நிறையப் படிக்க வேண்டியிருப்பதால் அதை அக்டோபருக்கு வைத்துக்கொள்ளலாம்.