மலை நிலம் வாங்கும் முன் ஊற்றை மார்ச் கடைசியில் அளந்து பாருங்கள்

கொடைக்கானல், சிறுமலை, கோத்தகிரிப் பக்கம் 'வற்றாத ஊற்று' என்று சொல்லி நிலம் காட்டினால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் மார்ச் கடைசியில், ஒரு வாரமாவது மழை இல்லாத நாளில், ஒரு வாளியோடு போய் நீரை அளந்து பாருங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, டிசம்பர், ஜனவரியில் எந்த ஊற்றும் நன்றாகத்தான் ஓடும். மண்ணில் தேங்கிய நீர் வடிந்து, கோடை மழை இறங்காத நேரத்தில் வருவதுதான் நம்பக்கூடிய அளவு.

ஊற்றுக்குக் கீழே களிமண்ணால் சிறு அணை கட்டி, 2 அங்குல பிவிசி குழாயைச் சற்றுச் சரிவாகச் செருகுங்கள். அணைக்கு அடியில் கசிந்தால் கணக்கு குறைந்துவிடும், அதனால் நன்றாக மிதித்து இறுக்குங்கள். நீர்மட்டம் நிலைத்தபின், 1 லிட்டர் பாட்டிலால் அளந்து 10 லிட்டருக்குக் கோடு போட்ட வாளியை வைத்து மூன்று முறை நேரம் பாருங்கள். 2 நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். இரவு நீரையும் தொட்டியில் பிடித்தால்தான் அது முழுதாகக் கிடைக்கும்.

பெரிய ஓடைக்கு இந்த வாளிக் கணக்கு ஒத்துவராது. ஊற்றுக்கண் மேல்நிலத்துக்காரர் இடத்தில் இருந்தாலும் இதை நம்ப வேண்டாம், அவர் நாளைக்கே குழாய் போட்டுத் திருப்பலாம். புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) 'அ' பதிவேட்டையும் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) அவசியம் பாருங்கள்: ஓடைப் புறம்போக்கு, அதாவது அரசுக்குச் சொந்தமான ஓடை நிலம், என்றிருந்தால் அந்த இடம் பட்டாவில் சேராது.